அலை ஓயக் காத்திருந்தால்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருப்பது நம் பெங்களூரு. கிழக்கே இறங்கினாலும் மேற்கே இறங்கினாலும் 300 கிலோமீட்டருக்கு மேல் சென்றால்தான் கடலைக் காணலாம். பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில், அறுபது வயதைக் கடந்தும் கடலைக் கண்ணால் காணாத மூத்தோர் எத்தனை பேர் இருப்பர் என்பதை வாசக அன்பர்கள் தத்தம் இல்லத்தளவில் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நம் இல்லத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் நம்மைப் பெற்ற தாயார்.

நாம் இரயில்வேயில் எழுத்தர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது; கடைநிலைப் பணியில் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதித் தேறி, நாற்காலிக்கு வந்தோம். நம் தந்தையாரும் இரயில்வே ஊழியரே. இருப்புப்பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாக 35 ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று, 2018-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற ஊழியருக்கு இரயில்வே இலவசப் பயணப் பாஸ் வழங்குகிறது. மனைவியையும் உடன் அழைத்துச் செல்லலாம். அந்தந்த ஆண்டின் பாஸை அந்தந்த ஆண்டிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும். இவ்வாண்டு வேண்டாம், அடுத்த ஆண்டுக்குச் சேர்த்து வைப்போம் என்றால் அதற்கு விதியில் இடமில்லை.

இதில் வேடிக்கை என்னவெனில், நாம் அமர்ந்திருப்பதே பாஸ் பிரிவில்தான். 2020-ஆம் ஆண்டில் பாஸ் கணினி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் கிடைக்கத் தொடங்கியது. எனினும் கைப்பேசியில் பழக்கமில்லாத ஓய்வூதியர்கள் இன்றும் நம் மேசையை நாடி வருகின்றனர். பூரிக்கு, துவாரகைக்கு, இராமேசுவரத்துக்கு, கன்னியாகுமரிக்கு என்று அவர்களுக்காக எத்தனையோ பாஸ்களை எடுத்துக் கொடுத்த இந்தக் கைகள், தந்தையாரின் பெயரில் ஒரே ஒரு முறைதான் பாஸ் எடுத்தன. அதுவும் ஜோலார்பேட்டையில் நடந்த ஓர் உறவினர் திருமணத்துக்கு. மற்ற ஆண்டுகளின் பாஸ்கள் யாவும் டிசம்பர் 31-ஆம் நாள் ஓசையின்றிக் காலாவதியாயின.

காரணங்கள் இல்லாமல் இல்லை. 2019-இல் தங்கையின் திருமணம். 2020-இல் பெருந்தொற்று, வண்டிகளே நின்றன. 2021-இல் அச்சம். 2022-இல் தந்தையாரின் இதயக் குழாயில் அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். 2023-இல் நம் இளைய மகனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. 2024-இல் கோடை தொடங்கும் முன்பே நகரெங்கும் தண்ணீர்த் தட்டுப்பாடு. 'அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது' என்று நம்மவரிடையே ஒரு பழமொழி உண்டு. நாமும் அலை ஓயட்டும் என்றே ஆறு ஆண்டுகளைக் கழித்தோம்.

நம் மேசைக்கு வரும் ஓய்வூதியர்களுள் வங்காளத்து அன்பர்கள் சிலர் உண்டு. முழங்காலில் பட்டை, ஒரு கையில் மருந்துப் பை, மறு கையில் பயணத் திட்டம் எழுதிய தாள் என்று அவர்கள் வந்து நிற்கும் காட்சியைக் கண்டு நாம் வியந்திருக்கிறோம். அவர்கள் நாட்டில் 'காற்று மாற்றம்' என்று ஒரு வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நோயிலிருந்து தேறியவர்களும் முதியவர்களும் சில வாரங்கள் வேறு காற்று வீசும் ஊரில் சென்று தங்குவது அது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பூரிக்கு இரயில் பாதை போடப்பட்ட பிறகு, அந்தக் கடற்கரை வங்காளத்து நடுத்தரக் குடும்பங்களுக்கு இரண்டாவது தாழ்வாரம் போலாகிவிட்டது.

இங்கிலாந்தின் கதையும் ஏறத்தாழ இதுவே. 1750-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ரசல் என்னும் மருத்துவர், கடல்நீர் நோய்க்கு மருந்தாகும் என்று ஒரு நூல் எழுதினார். அதன் பின் பிரைட்டன் என்னும் கடற்கரை ஊருக்குச் செல்வந்தர்கள் சென்று தங்கலாயினர். 1841-இல் இலண்டனிலிருந்து அவ்வூருக்கு இரயில் ஓடத் தொடங்கியதும் எளிய மக்களும் கடலைக் காணச் சென்றனர். 1938-இல் ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு அந்நாட்டில் ஒரு சட்டமே வந்தது. மலையாயினும் கடலாயினும், பெரிய மனிதர்களுக்கு மட்டும் உரியதாயிருந்த காட்சியை ஏழைக்கும் உரியதாக்கியது இரயில்தான் என்று நம் துறையைப் பற்றி நாம் சற்றுப் பெருமை கொள்ளலாம்.

ஆனால் நம்மவர் நிலை வேறு. கடலோரத்து மக்களுக்குக் கடல் தொழிற்களம். உள்நாட்டில் பிறந்த நம் போன்றோருக்கோ கடல் என்றால் தை அமாவாசையும் ஆடி அமாவாசையும் மாசி மகமும்தான் நினைவுக்கு வரும். இறந்தவர்களுக்குக் கடன் செலுத்தக் கடலுக்குச் செல்வோம். உயிரோடிருப்பவர்கள் சும்மா உட்கார்ந்து காற்று வாங்குவதற்காகச் செல்வது என்பது நம் வீட்டுக் கணக்கில் எழுதப்படாத செலவு.

2024 டிசம்பரில் ஒரு மாலை. நம் மகள் நான்காம் வகுப்பு. இந்தியாவின் மூன்று பக்கமும் கடல் என்ற பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தவள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த பாட்டியிடம், "ஆயா, கடல் எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன கண்ணு தெரியும்? நம் அல்சூர் ஏரி மாதிரிதான் இருக்கும், ஆனால் அக்கரை தெரியாதாம்" என்றார் தாயார்.

கைப்பேசியில் வண்டி நேரம் பார்த்துக்கொண்டிருந்த நமக்குச் சுருக்கென்றது. முப்பத்தைந்து ஆண்டுகள் இரயில்வே ஊழியரின் மனைவி. பதினைந்து ஆண்டுகளாக இரயில்வே ஊழியரின் தாய். நாட்டின் எந்த மூலைக்கும் காசில்லாமல் செல்லும் உரிமை அவருக்கு இருந்தது. திருப்பத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஸ்ரீராமபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், ஒரு துக்கத்துக்காகச் சென்னை வரை சென்று, மெரினாவைக் காணாமலே அன்றிரவு வண்டியில் திரும்பியவர்.

அன்றிரவு நம் இல்லத்தரசியிடம் இதைச் சொன்னோம். "அம்மாவையும் அப்பாவையும் கன்னியாகுமரிக்கு அனுப்பிப் பத்து நாள் தங்க வைத்தால் என்ன?" என்று தொடங்கிய நாமே, அடுத்த மூச்சில், "ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு தூரம் தாங்குமா?" என்றும் சேர்த்துக்கொண்டோம்.

இல்லத்தரசி பீனியாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையற்பிரிவில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசாதவர். அன்று பேசினார். "அத்தையின் முழங்காலைச் சொல்லாதீர்கள். அந்தக் காலோடுதான் தினமும் மாடிக்கும் கீழுக்கும் தண்ணீர் தூக்குகிறார்கள். நமக்கு அவர்கள் கை வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஆறு வருடமாக அனுப்பவில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்."

நமக்குப் பதில் இல்லை. அவர் சொன்னதை மறுப்பதற்காகவே மனத்துக்குள் தாயாரின் ஒரு நாளை எண்ணிப் பார்த்தோம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, குழாயில் காவிரி நீர் வரும் நாளென்றால் பிடித்து நிரப்புவார். எட்டு மணிக்குள் நால்வருக்கும் சிற்றுண்டியும் மதிய உணவும் கட்டிக் கொடுப்பார். பேத்தியைப் பள்ளியில் விட்டு, பேரனைக் குளிப்பாட்டி, தந்தையாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, மாலையில் மறுபடியும் பள்ளி, மறுபடியும் அடுப்பு. தந்தையார் ஓய்வு பெற்ற நாளில் அலுவலகத்தில் மாலையும் சால்வையும் அணிவித்தார்கள். நாற்பது பேர் வீட்டுக்கு வந்து வாழ்த்திச் சென்றார்கள். அந்த நாற்பது பேருக்கும் சமைத்தவர் தாயார். அவருக்கு எந்த நாளில் ஓய்வு வந்தது என்று யோசித்தோம். பணிமூப்பு வயது என்பது அவர் கணக்கில் எழுதப்படவே இல்லை.

பயணத்தைத் தடுத்தது பெருந்தொற்றுமன்று, தண்ணீர்ப் பஞ்சமுமன்று. நம் சௌகரியமே பெருந்தடை என்பதை அன்றுதான் ஒப்புக்கொண்டோம். இதை எழுதவும் வெட்கமாகவே இருக்கிறது. இருப்பினும், இருவரும் வேலைக்குச் சென்று, பிள்ளைகளை மூத்தோர் கையில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு என்பதால் எழுதுகிறோம்.

திட்டம் போட்டோம். இல்லத்தரசி ஐந்து நாள் விடுப்பு. நாம் ஐந்து நாள். பக்கத்து வீட்டுக் கன்னடத்து அம்மையார், பிள்ளைகள் 'அஜ்ஜி' என்று அழைப்பவர், மாலை வேளையில் பார்த்துக்கொள்ள இசைந்தார். இதய மருத்துவரைக் கண்டு ஒப்புதல் பெற்றோம். தடை சொன்னவர் தந்தையார் ஒருவரே.

"கடலில் என்னப்பா இருக்கிறது? உப்புத் தண்ணீர். தங்கும் செலவுக்கு ஆகும் பணத்தில் மாடித் தொட்டியைச் சரி செய்யலாம்" என்றார்.

தாயார் சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, "தொட்டி ஓடியா போய்விடும்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் தந்தையார் பேசவில்லை.

2025 பிப்ரவரியில் புறப்பட்டோம். குமரி முனைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. தை, மாசி மாதங்கள் இரண்டுக்கும் தப்பிய நல்ல காலம். கொண்டுபோய் விடுவதற்காக நாமும் உடன் சென்றோம். பெங்களூருவிலிருந்து கன்னியாகுமரி செல்லும் வண்டிக்கு 'ஐலண்ட் எக்ஸ்பிரஸ்' என்று பெயர். ஒரு காலத்தில் கொச்சியின் வெலிங்டன் தீவு வரை ஓடிய வண்டியாதலால் அப்பெயர் நிலைத்தது. இரவில் புறப்பட்டு, சேலம், ஈரோடு, கோவை வழியாகக் கேரளத்தைக் கடந்து மறுநாள் பிற்பகலில் குமரியை அடைகிறது.

ஜோலார்பேட்டை வந்தபோது தந்தையார் படுக்கையிலிருந்து எழுந்து வாசற்பக்கம் சென்று நின்றார். அது அவர் பிறந்த மண். மறுநாள் கொல்லத்துக்கு முன்பு பெருமண் பாலத்தில் வண்டி சென்றபோது கைகூப்பினார். 1988 ஜூலை 8-ஆம் நாள் இதே ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அங்கே அஷ்டமுடிக் காயலில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். "அப்போது நான் வேலையில் சேர்ந்து சில வருடங்கள்தான். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் கேங்கில் ஒருவரும் சோறு உண்ணவில்லை" என்றார். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் நம்மிடம் சொன்னதே இல்லை. அவரை இப்படி உட்கார வைத்துக் கேட்டால்தானே சொல்வார்?

மாலை நாலரை மணிக்குக் கடற்கரைக்குச் சென்றோம். தாயார் கடலைக் கண்டதும் ஒன்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். பிறகு, "இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் சொல்லவில்லையே" என்றார். படங்களில் கண்ட கடலுக்குச் சத்தம் இருந்திருக்கும். அது பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப் போயிருக்கும். குமரியம்மன் கோயிலருகே படித்துறையில் இறங்கி, கணுக்கால் நனைய நின்று, நீரை எடுத்து நாவில் வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்பது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் படகில் சென்று 1970-இல் எழுப்பிய விவேகானந்தர் பாறை நினைவகத்தையும், 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறந்த 133 அடித் திருவள்ளுவர் சிலையையும் கண்டோம். இரண்டு பாறைகளையும் இணைக்கும் 77 மீட்டர்க் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ஆம் நாள் திறக்கப்பட்டிருந்தது. தாயார் கண்ணாடியின் கீழே அலை புரள்வதைக் கண்டு குழந்தை போல் நின்றார். தந்தையாரோ பாலத்தின் இணைப்புகளைக் குனிந்து குனிந்து ஆராய்ந்தார். கேங்மேனின் கண் அது.

காந்தி மண்டபத்தருகே அமர்ந்திருந்தபோது ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் கன்னியாகுமரி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதே நாளில்தான் நாம் வாழும் மாநிலமும் விரிந்த மைசூராக உருவாகி, 1973-இல் கர்நாடகம் என்று பெயர் பெற்றது. எல்லைக்கு அப்பால் வாழும் நமக்கு அந்த நாள் இரு வகையிலும் உரியது.

இரண்டாம் நாள் மாலை, ஒரு சாதாரண விடுதியின் கீழ்த்தள அறையில் அவ்விருவரையும் விட்டுவிட்டுத் திரும்பினோம். வயதானவர்களைத் தனியே விட்டு வந்தாயா என்று அலுவலகத்தில் கேட்காதவர் இல்லை. நமக்கும் அச்சம் இருந்தது. காலையும் இரவும் தொலைபேசியில் பேசுவதென்று ஏற்பாடு.

வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் மகள் பள்ளிக்கு அரை மணி நேரம் தாமதம். காவிரி நீர் வந்த விடியலில் நாம் உறங்கிவிட்டோம், தொட்டி நிரம்பவில்லை. நான்காம் நாள் மகனுக்குக் காய்ச்சல். தாயாரை உடனே வரச் சொல்லலாமா என்று தொலைபேசியைக் கையில் எடுத்தோம். இல்லத்தரசி அதை வாங்கி வைத்துவிட்டு, "காய்ச்சல் மாத்திரைக்குப் போகும், அத்தைக்கு இந்த நாள் திரும்ப வராது" என்றார். கன்னடத்து அம்மையார் இரண்டு இரவும் வந்து உடனிருந்தார். காய்ச்சலும் தணிந்தது.

ஆறாம் நாள் தந்தையார் பேசினார். "போதும்பா, நாளைக்கே கிளம்பி வருகிறோம்" என்றார். வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் தாயார் தொலைபேசியை வாங்கி, "பத்து நாள் என்றுதானே சொன்னீர்கள்? ஆறு நாள்தானே ஆகியிருக்கிறது" என்றார். கணவரின் சொல்லுக்கு எதிராக அவர் ஒரு நாளைக் கேட்டு வாங்கியது நமக்குத் தெரிந்து அதுவே முதன்முறை. தந்தையாரும் பிறகு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். நாட்டின் நிலப்பரப்பில் தெற்கே இரயில் பாதை முடியும் நிலையம் கன்னியாகுமரி. காலைதோறும் அங்கு நடந்து சென்று, தண்டவாளம் முடியும் இடத்தைப் பார்த்துவிட்டு, நிலைய ஊழியர்களோடு பேசிவிட்டு, மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு வருவாராம். தாயார் விடியலிலும் மாலையிலும் கடலைப் பார்த்து அமர்ந்திருப்பாராம். வேறு ஒன்றும் செய்யவில்லை என்று அவரே சொன்னார்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் செய்தி மகள் வாயால் வெளிவந்தது. தாயார் நம்மீது கோபித்துக்கொண்டார். "என்னிடம் ஏன் மறைத்தீர்கள்?" என்று இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மறைத்தது சரியா தவறா என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் இரண்டு கட்சி உண்டு.

அன்பர்களுக்குச் சில குறிப்புகள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். மூத்த குடிமக்களுக்கு முன்பு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது; ஆனால் 60 வயதைக் கடந்த ஆண்களுக்கும் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. முன்பதிவின்போது அதைக் கேட்டுப் பெறுக. மருந்துச் சீட்டின் நகலைக் கைப்பையிலேயே வைத்திருக்கச் செய்க. நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எல்லாவற்றினும் முக்கியமாக, குமரிக் கடல் வலிது; பாறைகள் மிகுந்தது. வெயிலடிக்கும் நாளிலும் எங்கோ தொலைவில் எழுந்த பேரலை திடீரெனக் கரையைத் தாக்கும். அதைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களின் உயிரை அலை கொண்டு சென்றது. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் காலைக்கூட நனைக்க வேண்டாம். கரையிலிருந்து பார்த்தாலே போதும்.

பாஸ் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கலாம். சாதாரணப் படுக்கைப் பெட்டியில் இருவர் சென்று வரும் செலவு, நாம் ஒரு பண்டிகைக்குத் துணி எடுக்கும் செலவைவிட மிகுதியன்று. பணத்தைவிட அரிதானது, அவர்கள் இல்லாத பத்து நாளை நாம் சமாளிக்க முன்வருவதே.

ஊர் திரும்பிய மறுநாள் விடியற்காலை நாலரைக்குத் தாயார் வழக்கம்போல் எழுந்தார். அடுப்பங்கரையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இல்லத்தரசி ஏற்கெனவே அங்கிருந்தார். அன்று முதல் தண்ணீர் பிடிப்பது நம் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை சமையலும் நம்முடையதே, அடிப்பிடிப்பது குறைந்திருக்கிறது. மாடித் தொட்டி இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்த பாஸுக்கு இப்போதே பேச்சு நடக்கிறது. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதிலிருந்து தந்தையாருக்கு இராமேசுவரத்தின் மீது கண். நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் பாலத்தை அவர் பார்த்தாக வேண்டுமாம். தாயாரைக் கேட்டோம்.

"எந்த ஊராக இருந்தால் என்ன? அறை மட்டும் சத்தம் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும்" என்றார்.